ஆட்டைக் கூப்பிடும் எழுத்து

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் சீக்கிரத்தில் போகாது. வீட்டில் இதை வியாதி என்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் குணம் என்கிறார்கள். கோவில்பட்டியில் ஏதாவது ஒரு தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பாருங்கள். கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, கடலைமிட்டாய்க் கடை போர்டு, நாலுக்கும் ஒரே எழுத்து. செத்துப்போன பெரியவருக்கும் கல்யாணப் பொண்ணுக்கும் அதே உப்பிப்போன எழுத்து, அதே மஞ்சள் கரை. இதைப் பார்த்தும் கோபம் வராதவர்களுக்குத்தான் வியாதி என்பேன்.

நானும் யோக்கியம் இல்லை. பல வருஷம் டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து அந்த எழுத்தை நாள் முழுக்கத் தட்டியவள்தான். பிறகு ஒரு பெண்கள் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். பகுதிநேரம் என்றால், என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் தலைமையாசிரியை யோசிப்பார். மாம்பழம், மலை, மலைக்கு நடுவில் சூரியன் என்று வரைய வைத்து அலுத்துப்போய், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னேன்: இந்த வருஷம் ஆளுக்கொரு ஃபாண்ட் செய்யப் போகிறீர்கள். உங்கள் கையெழுத்து, உங்கள் எழுத்து. கம்ப்யூட்டரில் தட்டினால் உங்கள் கை எழுதினதுபோல வரும்.

முதலில் அவர்கள் கவலைப்பட்டது இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் வரைய வேண்டுமா என்றுதான். வேண்டாம் என்றேன். கால் ஒருதடவை, கொம்பு ஒருதடவை, இரட்டைக்கொம்பு ஒருதடவை போட்டால் போதும், கம்ப்யூட்டரே எடுத்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் கு, கூ வரிசை அப்படி ஒட்டாது. கு ஒரு மாதிரி வளையும், து ஒரு மாதிரி இறங்கும், ஒவ்வொன்றையும் தனியாகத்தான் வரைய வேண்டும். ஙூ என்ற எழுத்தை யார் எப்போது எழுதினார்கள், அதை ஏன் வரைய வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். அரிச்சுவடியில் இருக்கிறதே என்றேன். யாருமே எழுதாத எழுத்துக்குக்கூட இடம் வைத்திருக்கிறோம் என்று அன்றைக்கு வேடிக்கையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

கட்டம் போட்ட தாள் கொடுத்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில். முடித்த தாளைச் செல்போனில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு எழுத்தையும் வெட்டி அதனதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். மாடியில் இருந்த லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர்களைவிட ஓடாதவை அதிகம். மழை பெய்த நாளில் பிள்ளைகள் கரிசல் மண்ணைச் செருப்போடு மாடிவரை கொண்டுவந்துவிடுவார்கள். ஆயாவிடம் திட்டு வாங்குவது நான்.

அந்த வகுப்பில், கடைசி பெஞ்சில் சன்னல் ஓரமாக ஒரு பெண். புதூர் பக்கத்துக் கிராமம். பேனாவை அமுக்கி எழுதினால் தாளின் பின்பக்கம் தடவிப் பார்த்தே வாசித்துவிடலாம், அவ்வளவு அழுத்தம். அவளுடைய ழ ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடுத்த கட்டத்துக்குள் வாலை நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டு, யோசிக்காமல், எங்கள் ஊரில் எல்லா வாத்தியார்களும் வாயில் வைத்திருக்கிற அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"இப்படி எழுதினா ஆடு மேய்க்கத்தான் போகணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மேய்ச்சுட்டுத்தான் வாரேன் டீச்சர்."

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தகவல் சொன்னாள், அவ்வளவுதான். விடியும்போதே பட்டியைத் திறந்து ஆடுகளை ஓடைவரை பத்திக்கொண்டு போய், அய்யாவிடம் விட்டுவிட்டு முதல் பஸ் பிடிப்பாளாம். அப்பாவை அவள் அய்யா என்றுதான் சொல்வாள். ஒரு நாளும் வகுப்புக்குப் பிந்தி வந்ததில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு எரிந்தது. முதலில் என்மேல், பிறகு எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல். கணக்கில் தப்பு விட்டால் மாடு மேய்க்கப் போ என்கிறோம், இங்கிலீஷ் வராவிட்டால் ஆடு மேய்க்கப் போ என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நின்று எலும்போடு அரைக் கிலோ போடச் சொல்கிற அதே வாய். சுற்றிலும் பாதி ஊர்களுக்குப் பட்டி என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடு மேய்ப்பதைத் தண்டனையாகச் சொல்ல நமக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. மறு வாரம் அவளிடம், ழ வால் நீட்டினால் நீட்டட்டும், மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. வாத்தியார்கள் கேட்பதில்லை என்று ஒரு பழக்கம் இருக்கிறதே.

கட்டத்தில் இரட்டைக்கொம்பு போட்டுக்கொண்டிருந்தபோது அவளே ஒருநாள் பேச்சுக் கொடுத்தாள். எழுத்துக்குக் கொம்பு இருக்கிறது, கால் இருக்கிறது, சுழிகூட இருக்கிறது, எங்க ஆட்டுக்கு இருக்கிறதெல்லாம் இருக்கிறதே டீச்சர் என்றாள். இத்தனை வருஷம் கொம்பு போடு, கால் போடு என்று கத்திய எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை.

தாளின் கடைசி வரிசையில் நாலைந்து கட்டம் மிச்சமிருந்தது. இஷ்டத்துக்கு எதையாவது வரைந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். ஒருத்தி ரோஜாப்பூ வரைந்தாள். ஒருத்தி போனில் அனுப்புகிற சிரிப்பு மூஞ்சி. ஒருத்தி கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார் சுழி. இவள் ஒரே ஒரு கட்டத்தில், ர என்ற எழுத்தைப் படுக்கப் போட்டு, அதன்மேல் இரண்டு கொம்பு, வயிற்றுக்குள் மூன்று நெளி வரைந்து வைத்திருந்தாள்.

இது என்ன படம் என்று கேட்டேன். படம் இல்லை, எழுத்து என்றாள். அய்யா ஆட்டைக் கூப்பிடுகிற சத்தத்துக்கு எழுத்தே இல்லை, அதனால் போட்டேன் என்றாள். நெளி மூன்றும் நாக்கு அடிப்பதாம். கொம்பு இரண்டும் உதட்டை மடக்கிக்கொள்வதாம். அதற்கு எதற்குப் புது எழுத்து, ட்ர்ரா என்று எழுதலாமே என்று போர்டில் எழுதிக் காட்டினேன். பொறுமையாக வாசித்துப் பார்த்தாள்.

"அப்படிக் கூப்பிட்டா ஒரு ஆடும் திரும்பாது டீச்சர்."

பிறகு செய்து காட்டினாள். நாக்கு எங்கே பட்டது, உதடு எப்போது மூடியது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. லேபில் எல்லோரும் செய்து பார்த்தோம். எச்சில் தெறித்ததுதான் மிச்சம். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஃபாண்டுக்குள் எந்த எழுத்துக்கும் சொந்தமில்லாத காலி இடங்கள் உண்டு. அதில் ஒன்றில் அவளுடைய எழுத்தை உட்கார வைத்து, கீபோர்டில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் வருகிறமாதிரி செய்து கொடுத்தேன். அவள் அமுக்கினாள். வந்தது. திரும்பத் திரும்ப அமுக்கி, திரை நிறைய அதையே நிரப்பிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம் டவுனில் இன்னொரு பள்ளிக்கூடத்து ஹாலில் மாணவர் கண்காட்சி. எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு சார்ட், அவரவர் ஃபாண்டில் அவரவர் எழுதின நாலு வரி. அம்மா வேலைக்குப் போகிற தீப்பெட்டி ஆபீஸ் வேனைப் பற்றி ஒருத்தி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டைப் பற்றி ஒருத்தி. இவள் எழுதினது கிடையைப் பற்றி. கதிர் அறுத்த காட்டில் உரத்துக்காக ஆடுகளை ராத்தங்க வைப்பது. நாலு வரியில் மூன்று இடத்தில் அவளுடைய எழுத்து வந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள், பிரிண்ட் போடுமுன் சார்ட்டுகளை லேபில் திரையிலேயே பார்வையிட வந்த எங்கள் பள்ளித் தமிழாசிரியர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். இது என்ன என்றார். சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டார். என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். தமிழுக்கு எழுத்து இருநூற்று நாற்பத்தேழு, இருநூற்று நாற்பத்தெட்டாவது போட இவள் யார், ஆட்டுக்காரி வீட்டுச் சத்தத்தையெல்லாம் எழுத்தாக்கினால் நாளைக்கு நாய் குரைப்பதற்கும் எழுத்துக் கேட்பார்கள் என்றார் தமிழாசிரியர். மொழியை அவமதிக்கிற காரியம் என்றுகூட ஒரு வார்த்தை விழுந்தது.

நான் சும்மா இல்லை. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் அந்த இருநூற்று நாற்பத்தேழில் இருக்கிறதா, வந்த விருந்தாளிக்கு நடுவீட்டில் பாய் விரித்தோமே என்று கேட்டேன். சிரிப்பு மூஞ்சியை ஒரு பிள்ளை வரைந்திருக்கிறது, அதை ஏன் யாரும் கேட்கவில்லை என்று கேட்டேன். ரோஜாப்பூ தமிழ் எழுத்தா என்று கேட்டேன். பூ அலங்காரம், இது எழுத்து என்று சொல்லிக்கொள்கிறதே, அதுதான் குற்றம் என்றார் அவர். ஒரு வகையில் அவருக்குத்தான் விஷயம் சரியாகப் புரிந்திருந்தது. படம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை எழுத்து என்று சொன்னதுதான் பொறுக்கவில்லை.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தமிழாசிரியர் போனபின் மெதுவாகச் சொன்னார்.

"ஜட்ஜு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல டீச்சர்? கண்காட்சி முடியறமட்டும் அத எடுத்துருங்க. ஜூன்ல நான் உங்களுக்காகப் பேசணுமா இல்லையா?"

எடுத்துவிட்டேன். இவ்வளவு வாய் பேசுகிறவள், அன்று சாயங்காலம் மாடிக்குப் போய், கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த எழுத்தின்மேல் மவுஸை வைத்து அழித்தேன். கண்காட்சி முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம், அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம், சொன்னால் அழுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் அழுது நான் பார்த்ததே கிடையாது. எழுத்தை எடுத்தால் வரியிலிருந்தும் அதை எடுக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். காலையில் நான் வருவதற்குள் ஆபீஸ் அண்ணாச்சி எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய்ப் பிரிண்ட் போட்டு, ஹாலில் ஒட்டியும் முடித்திருந்தார். என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்பு அன்றைக்கென்று.

எழுத்து இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்று பத்திரிகை அடித்தவர்களுக்குத் தெரியும். ஒரு வெற்றுக் கட்டம் போடும். அவளுடைய சார்ட் இப்படி இருந்தது:

கிடை போட்ட காட்டுல எங்க அய்யா □ன்னு கூப்பிடுவாரு.
□ கேட்டா போன ஆடு நிக்கும்.
நின்ன ஆடு திரும்பும்.
எனக்கும் □ன்னு கூப்பிடத் தெரியும்.

நான் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தபோதே அவள் வந்துவிட்டாள். தலையில் துண்டு கட்டின அய்யாவும் கூட வந்திருந்தார். ஆட்டை யாரிடமோ விட்டுவிட்டு, எழுத்தைப் பார்க்க வந்திருக்கிறார். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனவர் முதல் கட்டத்தில் நின்றார். அதைச் சுற்றி விரலை ஓட்டினார். நாலு பக்கமும் அடைப்பு, உள்ளே ஒன்றுமில்லை.

"ஏட்டி, பட்டி இருக்கு. ஆட்டக் காணமே."

குறையாகச் சொல்லவில்லை. இதுதான் எழுத்து போலிருக்கிறது, தனக்குத்தான் விளங்கவில்லை என்று கேட்டார். அவள் மூன்று கட்டத்தையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுடைய ஃபாண்டுக்குள் கை வைக்கிற ஆள் அவளையும் என்னையும் தவிர வேறு யார்?

"நீங்கதான் எடுத்தீங்களா டீச்சர்?"

ஆமாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் தமிழாசிரியர், தலைமையாசிரியை, ஜூன் மாதம் என்று எல்லாவற்றையும் சொல்லத் தயாராக நின்றேன். கேட்கவில்லை. என் கையில் இருந்த ஸ்கெட்ச் பேனாவை, கேட்காமலே, மெதுவாக உருவிக்கொண்டாள். சார்ட்டில் முதல் கட்டத்துக்குள் படுத்த ர, இரண்டு கொம்பு, மூன்று நெளி. அடுத்ததிலும் போட்டாள். மூன்றாவதில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஜட்ஜ் வந்துவிட்டார், பின்னால் தலைமையாசிரியையும் தமிழாசிரியரும்.

பிரிண்ட் எடுத்த சார்ட்டில் பேனாவால் எழுதக்கூடாதே என்றார் ஜட்ஜ். பிறகு குனிந்து பார்த்தார். இது தமிழா என்றார். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றார். அவள் மூன்றாவது நெளியை முடித்தாள். நான் வாயைத் திறந்தேன். எழுத்தை அழித்த கையை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு பேசுவது? ஜட்ஜ் அய்யாவின் பக்கம் திரும்பி, தலையில் கட்டின துண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க வாசிச்சிருவீங்களா இத? எங்க, வாசிங்க பாப்போம்."

அய்யா சார்ட்டுக்கு இன்னும் பக்கத்தில் போனார். மகள் போட்டதன்மேல் விரலை வைத்தார். கொம்பைத் தொட்டார், நெளியை ஒவ்வொன்றாகத் தொட்டார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டு வாசித்தார்.

ஹாலுக்கு ஏற்றமாதிரி வாசிக்க அவருக்குத் தெரியாது. காட்டுக்கு ஏற்றமாதிரிதான் தெரியும். அந்தச் சத்தம் சுவரில் அடித்து மேலே போய்த் தகரக் கூரையில் அதிர்ந்தது. அடுத்த வரிசையில் எரிமலை மாடல் வைத்திருந்த பிள்ளைகள், அவர்களுடைய வாத்தியார்கள், வாசலில் டீக் குடித்துக்கொண்டிருந்தவர்கள், சான்றிதழில் பெயர் எழுதிக்கொண்டிருந்த ஆபீஸ் அண்ணாச்சி எல்லோரும் அப்படியே நின்று திரும்பினார்கள். இரண்டடி தள்ளிப் போயிருந்த தமிழாசிரியரும் திரும்பினார். தலைமையாசிரியை திரும்பினார்.

பரிசு வேறு யாருக்கோ போனது. அது போகட்டும். அன்று சாயங்காலமே எழுத்தைத் திரும்ப ஃபாண்டில் போட்டேன், தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். ஜூன் மாதத்தை ஜூன் மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். எப்போதும்போல முதல் ஆளாக வந்து, சன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். ஃபாண்டைத் திறந்து வைத்து, இரண்டு பொத்தானையும் அமுக்கிப் பார் என்று சொல்வதற்காக அவளைக் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன். அய்யாவின் ஒரு சத்தத்துக்கு ஹால் முழுக்கத் திரும்பிய அந்த ஊரில், அவள் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.